விட்டுவிடச் சொன்ன வரி

ஆஷ்கம் கோட்டை,
புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்.

ஹாவிசாவுக்கு, கெர்வாஸ் எழுதுவது.

நலமா? மடத்தில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? நான் அனுப்பிய கம்பளி வந்து சேர்ந்தது என்று போன வருடம் நான்கு வரி எழுதினாய். அதற்குப் பிறகு நான் இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். குறை சொல்லவில்லை. தபால்காரக் கிழவன் உன் மடத்து வாசலில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வரும்போது என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுகிறான், அதனால் சொல்கிறேன்.

இந்த முறை நான் எழுதுவது உன்னிடம் ஒன்று கேட்பதற்காக.

அரசர் வேட்டைக்கு வந்த இடத்தில் ஆஷ்கமில் விழுந்துவிட்டார் என்பது உனக்கும் எட்டியிருக்கும். வலக்கை எழவில்லை, பேச்சு அறவே போய்விட்டது. இளவரசருக்கு எட்டு வயது. அரசருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைக்கும் நாட்டுக்கும் காவல் யார், ராணியா, அரசரின் தம்பி தோர்ன்மியர் பிரபுவா என்று கோட்டை இரண்டாகக் கிடக்கிறது. விழுவதற்கு ஒரு வாரம் முன்பு அரசர் ஒரு சாசனம் எழுதச் செய்தாராம். அதை எழுதியவர் தியோபால்ட் என்ற எழுத்தர். தனியாகக் கூப்பிட்டு எழுத வைத்ததால் அதில் என்ன இருந்தது என்று அரசருக்கும் அவருக்கும்தான் தெரியும்.

அந்தத் தியோபால்ட் நேற்றுக் காலை தன் அறையில் செத்துக் கிடந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உடைத்துத்தான் திறந்தார்கள். பெட்டியில் இருந்ததாகச் சொல்லப்படும் சாசனத்தைக் காணோம். கதவு உடைந்த நெரிசலில் யார் யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். இரவு அவர் சாப்பிட்டது ராணியின் சமையற்காரன் ஆர்னோ அனுப்பிய விலாங்கு மீன் அப்பம். ஆர்னோ கடல் கடந்து ராணியோடு வந்தவன். அவனைச் சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறார்கள். அவன் விஷம் வைத்தான் என்றால் வைக்கச் சொன்னது ராணி என்றாகும். மரண விசாரணை அதிகாரியாக முடிவை எழுத வேண்டியவன் நான் என்பதால், பிரபுவின் காரியதரிசி ஓடோ காலையிலிருந்து என் பின்னாலேயே சுற்றுகிறார். "விஷம்னு எழுதிட்டுப் போங்களேன், மழை வர்றதுக்குள்ள வீடு போய்ச் சேரலாம்" என்கிறார்.

உடலை நான் பார்த்தேன். வாந்தி இல்லை, நுரை இல்லை, கைகால் முறுக்கிக்கொள்ளவில்லை. தூங்குகிற மாதிரி கிடந்தார். கன்னம் சிவந்து, உயிரோடு இருப்பவரைவிட ஆரோக்கியமாக இருந்தார். எந்த விஷம் இப்படிச் செய்யும்? உன் அப்பா மருந்துக்கடையில் நீ கற்றதையும், அங்கே நோயாளிகளிடம் கற்றதையும் சேர்த்து யோசித்துச் சொல். விசாரணைச் சபை கூட இரண்டு வாரம் தவணை வாங்கியிருக்கிறேன்.

பாவம், அவர் ஒரு பாட்டுக்குருவி வளர்த்தாராம். எசமானின் பிரிவு தாங்காமல் அதுவும் கூண்டிலேயே செத்துவிட்டது என்று வேலைக்காரிகள் அழுகிறார்கள்.

அன்புடன்,
கெர்வாஸ்


ஹோல்ட்வெல் கன்னியர் மடம்,
புனித மார்ட்டின் திருநாள் கழிந்த மூன்றாம் நாள்.

கெர்வாஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. குதிரைக்காரனை நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன், ஆகவே நலம் விசாரிப்பு இல்லை.

குருவி துக்கத்தில் சாகாது. அது விலாங்கு மீனும் தின்னாது. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதலில் எழுதியிருக்க வேண்டிய விஷயம்.

போன தவக்காலத்தில் காட்டில் கரிமூட்டம் போடும் ஒருவனையும் அவன் மனைவியையும் இங்கே தூக்கி வந்தார்கள். பனிக்குப் பயந்து குடிசையின் புகைவழியைச் சாக்கால் அடைத்துவிட்டு, கணப்பில் கரியைப் போட்டுக்கொண்டு படுத்தவர்கள். அவர்களுடைய நாயும் கூடவே செத்திருந்தது. இரண்டு பேருக்கும் கன்னம் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மாதிரி சிவந்திருந்தது. இளம் சகோதரி ஒருத்தி உயிர் இருக்கிறதென்று நினைத்து வெந்நீர் எடுக்க ஓடினாள். கரிப்புகையின் நஞ்சுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூங்குகிறவனை எழுப்பாமலே கொண்டுபோய்விடும்.

தியோபால்டின் அறையில் கணப்புச் சட்டி இருந்ததா? அந்த அறைக்குப் புகைவழி எங்கே? அது அன்று திறந்திருந்ததா? அப்பத்தில் மிச்சம் இருந்ததா, அதை யாராவது தின்றார்களா? இவற்றைக் கேளுங்கள். நேற்று மாலை உங்களைக் கேட்டவர்களிடம் என்ன சொன்னீர்களோ தெரியாது. இதைக் கேட்டு முடிக்கும்வரை யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள்.

கம்பளி கனமாக நன்றாக இருக்கிறது.

ஹாவிசா


ஆஷ்கம் கோட்டை,
புனித சிசிலியா திருநாளுக்கு ஐந்து நாள் முன்பு.

என் ஹாவிசாவுக்கு,

நீ அங்கே நாலு சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு பார்த்ததை நான் அந்த அறையில் நின்றுகொண்டே பார்க்கவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. பெருமையாக இருக்கிறது.

முதலில் ஆர்னோவிடம் போனேன். சங்கிலியோடு உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் அழுவான் என்று நினைத்தேன். சண்டைக்கு வந்தான்.

"ஐயா, விஷம் வைக்கணும்னா என் விலாங்கு மீன்லயா வைப்பேன்? அதை ரெண்டு நாள் பால்ல ஊற வெச்சேன்! உங்க ஊர்க்காரங்க பண்ற மீன்ல வெச்சிருந்தா ஒருத்தனுக்கும் ருசி வித்தியாசம் தெரிஞ்சிருக்காதே."

"மிச்சம் என்ன ஆச்சு?"

"பாதிதான் சாப்பிட்டாரு. மீதியை வாசக்காவல்காரங்க ரெண்டு பேரும் தின்னுட்டாங்க. போய்ப் பாருங்க, எவ்வளவு கொழுகொழுன்னு நிக்கிறாங்கன்னு."

போய்ப் பார்த்தேன். கொழுகொழுவென்றுதான் நிற்கிறார்கள். தின்றதைச் சொன்னால் திருட்டுக் குற்றம் வரும் என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

கணப்புச் சட்டி இருந்தது. புகைவழி கூரையில் வட்டமாக, கல் விளிம்பு வைத்த ஒரு துளை. என் முழங்காலைப் பற்றி உனக்குத் தெரியும். இருந்தாலும் ஏணியில் ஏறினேன். பக்கத்துப் புகைவழிகளில் விளிம்பெல்லாம் கரி அப்பி, அதன் மேல் பறவை எச்சம் காய்ந்திருந்தது. இந்த ஒன்றில் மட்டும் விளிம்பைச் சுற்றி யாரோ எதையோ வைத்து அழுத்தி இழுத்த தடம். எதை வைத்து அடைத்தார்களோ, அதைக் காலையில் எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பொருளைத் தேடி நான் கோட்டை முழுக்க அலைந்தேன். கடைசியில் அது தானாக என்னிடம் வந்தது. ஆல்டித் என்று ஒரு சலவைக்காரி. நாற்பது வயது இருக்கும், சாம்பல் தண்ணீரில் கை இரண்டும் வெந்து சிவந்து கிடக்கும். நான் ஏணியிலிருந்து இறங்கும்போது கீழே நின்றுகொண்டிருந்தாள்.

"மேல வட்டமா ஏதாச்சும் இருக்கா, ஐயா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கிட்ட ஒரு குதிரைக் கம்பளி இருக்கு. நடுவுல வட்டமா கரி. அடுப்புக்கு யாராச்சும் போர்வை போத்துவாங்களான்னு மூணு நாளா யோசிச்சிட்டு இருக்கேன்."

தியோபால்ட் இறந்த அன்று விடிந்ததும் பிரபுவின் குதிரைக்காரன் ஃபுல்க் அதைக் கொண்டுவந்து, உடனே வெளுத்துத் தரச் சொன்னானாம். அந்தக் கறையை எடுக்க ஊறப்போட்டால் கம்பளி சுருங்கிவிடும் என்று இவள் ஒதுக்கி வைத்திருக்கிறாள். அவன் அதற்குள் மூன்று தடவை வந்து கேட்டுவிட்டான். மூன்றாம் தடவை அவன் கூலிக்கு மேல் காசு நீட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் இவள் கம்பளியைச் சாம்பல் மூட்டைகளுக்கு அடியில் ஒளித்தாள்.

அதை மேலே எடுத்துப்போய்ப் புகைவழியின் மேல் விரித்தேன். கரி வட்டம் கல் விளிம்பின் மேல் அப்படியே உட்கார்ந்தது. கம்பளியின் மூலையில் பிரபுவின் கொக்குச் சின்னம்.

இதைச் சபையில் சொன்னால் உனக்கு ஆபத்து என்று ஆல்டித்திடம் சொன்னேன். சும்மா பயமுறுத்தவில்லை; உண்மையாகவே சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "நான் சொன்னா அந்தச் சமையக்காரன் பொழைப்பானா?" பிழைக்கலாம் என்றேன். "அப்ப சொல்றேன். அவன் எனக்குச் சொந்தமில்ல, பந்தமில்ல. ஆனா செய்யாததுக்கு ஒருத்தன் தொங்குறதைப் பாத்துட்டு நான் எப்படித் துணி தொவைப்பேன்?"

அவள் போன பிறகு அதே ஏணியடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதை நினைத்து என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

கெர்வாஸ்


ஹோல்ட்வெல் மடம்,
புனித சிசிலியா திருநாளுக்கு மூன்று நாள் முன்பு.

கெர்வாஸ் அவர்களுக்கு,

ஆல்டித்தைப் பற்றி நீங்கள் எழுதியதை மடத்துத் தலைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் எதற்கும் கண் கலங்குகிறவர் அல்ல. "இன்னொரு தடவை படி" என்றார்.

அவளுடைய கைக்கு மெழுகும் வாத்துக் கொழுப்பும் கலந்து ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். படுக்கும்போது தடவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் எதை நினைத்து உட்கார்ந்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆறு வருடமாக நாம் இரண்டு பேரும் அதைக் காகிதத்தில் எழுதியதில்லை. நான் எழுதிவிடுகிறேன். மில்காரர் மகள் எம்மாவின் உடலைக் குளிப்பாட்டியது நான். அவள் கழுத்தில் விரல் தடங்களைப் பார்த்தது நான். வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னதும் நான். மறுநாள் நீங்கள் "கால் தவறி ஆற்றில் விழுந்தாள்" என்று எழுதினீர்கள். யாரும் உங்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை, அது எனக்குத் தெரியும். அவளைக் கொன்ற பக்கத்து நிலத்துக்கார வீட்டார் பெரியவர்கள், நீங்கள் பயந்தீர்கள். நீங்கள் கெட்டவராக இருந்திருந்தால் நான் அழுது தீர்த்துவிட்டு உங்களோடேயே இருந்திருப்பேனோ என்னவோ. நல்லவராக இருந்துகொண்டே அதைச் செய்தீர்கள். என்னால் அந்த வீட்டில் உங்களுக்குச் சோறு போட முடியவில்லை.

இப்போது உங்கள் முன்னால் இருப்பவர் மில்காரரின் பக்கத்து நிலத்துக்காரர் இல்லை. அரசரின் தம்பி. நீங்கள் என்ன எழுதவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். என்ன எழுதினீர்கள் என்று மட்டும் எனக்குத் தெரிவியுங்கள்.

ஹாவிசா


ஆஷ்கம்,
புனித கத்தரீன் திருநாள்.

ஹாவிசாவுக்கு,

விசாரணை முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரிய கூடத்தில் பன்னிரண்டு ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். ஆல்டித்தைக் கூப்பிட்டேன். ஈரப் பாவாடையோடு வந்து நின்றாள். ஓடோ எழுந்து குறுக்கே விழுந்தார்.

"உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க. கொக்கு எதுன்னு தெரியும்."

கூடத்தில் சிரிப்பு. ஓடோவுக்கு முகம் கறுத்தது. "ஒரு அழுக்குத் துணியைப் பாத்து ராஜ விஷயம் பேசறியா?"

"ஐயா, இந்தக் கோட்டையில இருக்கிற அத்தனை பேர் உள்ளாடையும் என் கைக்கு வருது. யாரு எப்ப பயந்தாங்கன்னு எனக்குத் தெரியும். அதையெல்லாம் நான் பேசறேனா? இந்தக் கம்பளியைப் பத்தி மட்டும்தான் பேசறேன்."

பெரியவர்களில் மூத்தவர், காது கேட்காத ஒரு உழவர், பக்கத்தில் இருந்தவரிடம் "என்ன சொன்னா?" என்று கேட்டு, சொன்னதும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு பன்னிரண்டு பேரும் ஏணியில் ஏறிக் கம்பளியை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. இது கொலை, அப்பத்தில் குற்றமில்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஆனாலும் சங்கிலியை அவிழ்க்க அரசாணை வேண்டும் என்று ஓடோ தடுத்துவிட்டார்.

அன்று மதியமே ஃபுல்க் ஓடிப்போய் ஊர்த் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தான். சட்டத்துக்குப் பயந்து ஓடவில்லை. தன் எசமானருக்குப் பயந்து ஓடியிருக்கிறான். அடைக்கலம் புகுந்தவனிடம் வாக்குமூலம் வாங்கி நாடு கடத்துவது என் வேலை. பீடத்தின் காலைக் கட்டிக்கொண்டு சொன்னான்:

"கூரைமேல போய் அந்த ஓட்டையை அடைச்சிட்டு வான்னு பிரபு அவர் வாயாலேயே சொன்னாரு. எதுக்குன்னு நான் கேக்கலை, ஐயா. கேட்டிருக்கணும். காலையில கதவை ஒடைச்சப்போ அந்தக் குருவியைப் பாத்தேன்... அப்பறம் எனக்குச் சோறு எறங்கலை. பொட்டியில இருந்த காகிதத்தையும் நான்தான் எடுத்தேன். பிரபு கையில குடுத்தேன். என் கண்ணு முன்னாலயே நெருப்புல போட்டாரு."

மாலை ஓடோ என் அறைக்கு வந்தார். கோபமே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் எழுதிக்கோங்க. கொலைன்னு எழுதுங்க, ஃபுல்க்னு எழுதுங்க. சமையக்காரனைக்கூட விட்டுடறோம். 'பிரபு சொன்னாரு'ங்கிற அந்த ஒரு வரி மட்டும் வேண்டாம். விட்டுடுங்க."

நான் பேனாவின் முனையைச் சீவத் தொடங்கினேன்.

"என்ன யோசனை? முன்னாடி ஒரு தடவை விட்டிருக்கீங்களே. மில்காரர் பொண்ணு. அதுக்கப்புறம் ஒண்ணும் குடி முழுகிப் போயிடலையே, நல்லாத்தானே இருக்கீங்க?"

ஹாவிசா, நான் நன்றாக இருக்கிறேனாம். ஆறு வருடமாக ஒருவருக்கு மட்டும் அடுப்பு மூட்டுகிறவனைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னார். என் கை நடுங்கியது, மறைக்கவில்லை. அந்த நடுங்கும் கையாலேயே அவர் கண்ணெதிரே அந்த வரியை எழுதினேன். எழுத்து கோணல்தான். ஆனால் வாசிக்கலாம். அவர் எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனார். அந்த ஒழுங்குதான் எனக்குப் பயமாக இருந்தது.

உடனே அதே கோணல் எழுத்தில் இன்னொரு படி எழுதி, பெரியவர்கள் பன்னிரண்டு பேரின் முத்திரையும் வைத்து, உனக்கு அனுப்புகிறேன். மடத்துக்கு வரும் கருவாட்டுப் பீப்பாயின் அடியில் இருக்கும். உன்னை ஆபத்தில் இழுக்கிறேன். வேறு யாரையும் நம்பத் தோன்றவில்லை.

கெர்வாஸ்


ஹோல்ட்வெல் மடம்,
புனித அந்திரேயா திருநாள்.

அன்புள்ள கெர்வாஸ்,

சுருள் வந்தது. மீன் வாசனையோடு வந்தது. அந்த வரியை மட்டும் முதலில் தேடி வாசித்தேன். பிறகு முதலிலிருந்து வாசித்தேன். பிறகு அந்த வரியை மறுபடியும் வாசித்தேன். கோணல் எழுத்துதான். உங்கள் கையெழுத்து எவ்வளவு அழகு என்று ஊரே சொல்லும். எனக்கு இந்த எழுத்துதான் பிடித்திருக்கிறது.

கையில் மரவட்டை ஏறினாலே கத்துகிற மனிதர் நீங்கள். இடி இடித்தால் போர்வைக்குள் போகிறவர். உங்களை எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த வரி எவ்வளவு பெரியது என்பதும் எனக்குத் தெரிகிறது.

உடனே பதில் போடுங்கள். நன்றாக இருக்கிறேன் என்று இரண்டு சொல் போதும்.

ஹாவிசா


ஹோல்ட்வெல் மடம்,
புனித நிக்கோலாஸ் திருநாள்.

அன்புள்ள கெர்வாஸ்,

உங்களிடமிருந்து பதில் இல்லை. கருவாட்டுக்காரர் வந்து சொன்னார்: உங்களை ஆஷ்கம் நிலவறையில் போட்டிருக்கிறார்கள், உங்கள் சுருளைப் பிரபுவின் ஆட்கள் எரித்துவிட்டார்கள், ஆர்னோவைச் சனிக்கிழமை தூக்கிலிடப் போகிறார்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமா என்று தெரியாது. ஆனாலும் எழுதாமல் கிளம்ப மனம் வரவில்லை.

நேற்று இரண்டு குதிரைவீரர்கள் இங்கே வந்து என்னைக் கேட்டார்கள். மடத்துத் தலைவி வாசலை அடைத்துக்கொண்டு நின்று, "உள்ளே அம்மை நோய்க்காரங்க பத்து பேர் இருக்காங்க, தாராளமா வந்து தேடுங்க" என்றார். ஓடியே போய்விட்டார்கள். இங்கே இப்போது இருக்கும் நோயாளி ஒருவர்தான், அவருக்கும் பல்வலி.

ஆறு வருடமாக நான் இந்த வாசலைத் தாண்டியதில்லை. நாளைக் காலை கருவாட்டு வண்டியில் ஆஷ்கம் போகிறேன். சுருளை இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறேன். அரசரையும், கோட்டைக்கு வந்திருக்கும் மறைமாவட்ட ஆயரையும், ராணியையும் ஒரே இடத்தில் வைத்து இதை வாசிக்கச் சொல்லப் போகிறேன். எப்படி உள்ளே போவது என்று இன்னும் தெரியவில்லை. போகிற வழியில் யோசித்துக்கொள்வேன்.

நிலவறையில் ஈரத் தரையில் படுக்காதீர்கள். உட்கார்ந்தே தூங்குங்கள்.

ஹாவிசா


நம் வீடு,
கிறிஸ்து பிறப்பு கழிந்த மூன்றாம் நாள்.

என் ஹாவிசாவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். இருமல் இருக்கிறது, காய்ச்சல் இல்லை. உன் இரண்டு கடிதங்களும் என் கைக்கு வந்தது நேற்றுத்தான். என்னை வெளியே விட்ட அன்று நீ அரசரின் அறைக்குள் இருந்தாய், பார்க்க விடவில்லை. அதனால் நீ செய்ததை எனக்குச் சொன்னது ஆல்டித். தண்ணீர் கொண்டுபோகும் சாக்கில் கூடத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், நீ செய்தது பார்த்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நீ பார்.

"ஐயா, உங்க வீட்டம்மா முழங்கால் வரைக்கும் சேறோட வந்தாங்க. காவல்காரன் மறிச்சான். 'நான் வைத்தியச்சி, ராஜாவைப் பாக்கணும். அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் என்னை உள்ள விடலைன்னு சொல்லுவேன், உம் பேரு என்ன?'ன்னாங்க. அவன் வெலகிட்டான். உள்ள போய் ஆயர் முன்னால அந்தச் சுருளைப் பிரிச்சாங்க. ஆயர் மூக்கைப் பொத்திக்கிட்டு, 'என்னம்மா இது, என்ன நாத்தம்?'னாரு. 'மீன் நாத்தம், சாமி. மத்த நாத்தம் உள்ள எழுதியிருக்கு, படிங்க'ன்னாங்க."

பிரபு எழுந்து உன்னைப் பற்றிச் சொன்னதையும் ஆல்டித் மறைக்கவில்லை. "புருஷனை விட்டு ஓடிப்போன பொம்பளை, அவனுக்காகப் பரிஞ்சுக்கிட்டு வந்திருக்கா!" கூடம் முழுக்க உன்னைப் பார்த்ததாம். நீ குரலை உயர்த்தவே இல்லையாம்.

"ஆமாங்க. ஒரு வரியை விட்டதுக்காக அவரை விட்டுப் போனேன். இந்த வரியை விடாததுக்காக வந்திருக்கேன்."

ஹாவிசா, நிலவறையில் இருந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. ஆல்டித் இதைச் சொன்னபோது வந்தது. அவள் நாகரிகமாகத் துணி காய்கிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

அதன் பிறகு நீ செய்ததுதான் இன்னும் என்னால் நம்ப முடியாதது. சாசனம் எரிந்துவிட்டது, அதில் என்ன இருந்ததென்று யாருக்குத் தெரியும் என்று பிரபு கேட்டதும், "அரசருக்குத் தெரியுமே" என்று நீ சொன்னாயாம். எல்லோரும் உன்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். இரண்டு மாதமாக அந்த மனிதரை மரக்கட்டை மாதிரி தூக்கி வைத்து, தூக்கிக் கிடத்திக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு நினைவே இல்லை என்றுதான் பிரபுவின் வைத்தியர் சொல்லிவைத்திருந்தார்.

"பேச்சுத்தான் போச்சு. காது போகலை, புத்தி போகலை. இந்த மாதிரி எத்தனை பேரை நான் பாத்திருக்கேன். யாராச்சும் அவரைக் கேட்டீங்களா?"

நீ அவர் முன்னால் மண்டியிட்டு இடக்கையைப் பிடித்துக்கொண்டு, ஆமென்றால் ஒரு தடவை அழுத்துங்கள், இல்லையென்றால் அழுத்தாதீர்கள் என்றாயாம். ஆயர் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு கேட்டார். பிள்ளைக்குக் காவல் தம்பியா? கை அசையவில்லை. ராணியா? "ஆயருக்கு வலிச்சிருக்கும் ஐயா, அப்படி அழுத்தினாரு ராஜா. அவர் கண்ணுல தண்ணி கொட்டுது. ரெண்டு மாசமா எல்லார் பேசறதையும் கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு பாவம், ஒருத்தருக்கும் தெரியலை" என்றாள் ஆல்டித். ராணி எல்லோர் முன்னிலும் தரையில் உட்கார்ந்து அவர் மடியில் தலை வைத்துக்கொண்டாராம்.

ஆர்னோவை அன்றே அவிழ்த்துவிட்டார்கள். எனக்கு ஒரு விலாங்கு மீன் அப்பம் அனுப்பினான். என் ஆயுளில் அப்படி ஒன்றைச் சாப்பிட்டதில்லை. நாடு கடத்தப்படும் ஃபுல்க் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு துறைமுகத்துக்கு நடக்கிறான். பிரபு புனித பூமிக்கு யாத்திரை போகிறாராம்; அரசரின் ரத்தம் என்பதால் அதுவே தண்டனை. அவருடைய உறவினரைச் சமாதானப்படுத்த ஆயர் ஒரு காரியம் செய்தார்: என் பதவியை வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னார். நான் குனிந்து வணங்கிவிட்டு வந்தேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நன்றாகத் தூங்குகிறேன்.

வீட்டுக்கு வா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ இவ்வளவு பெரியவள் என்று தெரிந்த பிறகு கேட்பது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஆகவே கேட்கவில்லை. நன்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

உன்,
கெர்வாஸ்


ஆஷ்கம் கோட்டை,
மூன்று ராஜாக்கள் திருநாள்.

அன்புள்ள கெர்வாஸ்,

இருமலுக்குத் தேனும் பூண்டும். குதிரைக்காரனிடம் கொடுத்திருக்கிறேன். கசக்கிறது என்று கொட்டிவிடாதீர்கள்.

ஆல்டித் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறாள். சேறு கணுக்கால் வரைதான். குரலை உயர்த்தவில்லை என்பது உண்மை, உயர்த்தியிருந்தால் உடைந்திருக்கும். அங்கே நிற்கும்போது என் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. நடுங்கிய கையால் ஒருவர் எழுதியிருக்கிறார், நடுங்கும் காலால் நிற்பதில் என்ன என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் தைரியம் எதுவும் எனக்குள் இல்லை.

இங்கே செய்தி இது. நேற்று அரசர் ஒரு சொல் சொன்னார். "தண்ணி." இளவரசர் கோட்டை முழுக்க ஓடி, அப்பா தண்ணி கேட்டார், அப்பா தண்ணி கேட்டார் என்று சமையலறை வரை சொல்லிவிட்டு வந்தார். ஆர்னோ அடுப்பை விட்டுவிட்டு அழுதான், சாறு கரிந்துபோனது.

ராணி என்னைத் தன்னோடு இருந்துவிடச் சொல்கிறார். அரசருக்குப் பேச்சு வரும்வரை, பிறகும். தவக்காலத்துக்கு முன்பு எல்லோரும் லண்டன் போகிறோம். மடத்துத் தலைவியிடம் கேட்டேன். "போ. ஆனா பல்வலிக்காரரைக் கொணப்படுத்திட்டுப் போ" என்றார். பல்லைப் பிடுங்கியாயிற்று. ராணியிடம் சம்மதம் சொல்லிவிட்டேன்.

ஆகவே நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வரப் போவதில்லை. அதை இந்தக் கடிதத்தில் சொல்லியாக வேண்டும், சொல்லிவிட்டேன்.

லண்டனில் ராணி எனக்குக் கொடுக்கும் வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் மருந்துச் சட்டிகள் இருக்கும். மற்றதில் நல்ல வெளிச்சம், ஆற்றைப் பார்த்த ஜன்னல். அங்கே உங்களுக்குப் பதவி எதுவும் இல்லை. அரண்மனையில் உங்களை வைத்தியச்சியின் புருஷன் என்றுதான் கூப்பிடுவார்கள், சில பேர் சிரித்துக்கொண்டே கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடம் என்னை அதிகாரியின் மனைவி என்று கூப்பிட்டார்கள். அதில் எனக்கு எந்தக் கஷ்டமும் இருந்ததில்லை. உங்களுக்கும் இருக்காது என்றால் வாருங்கள். ஆல்டித்தையும் நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். இங்கே பிரபுவின் ஆட்கள் இன்னும் அவளை முறைத்துக்கொண்டு திரிகிறார்கள், ராணிக்கும் வாய் திறந்து பேசுகிற ஆள் ஒருத்தி வேண்டுமாம்.

யோசிக்க வேண்டுமென்றால் யோசியுங்கள். ஆனால் பதில் எழுத வேண்டாம். ஆறு வருடம் நாம் எழுதியே கழித்துவிட்டோம். அடுத்த மாதம் மெழுகுவர்த்தித் திருநாளன்று காலை நாங்கள் கிளம்புகிறோம். நம் ஊர் ஆற்றுப் பாலத்தடியில் வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள்,
ஹாவிசா